நினைவு தவறியவரின் நெஞ்சு

திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து முதியவர் ஒருவரை அறிவேன். வயது எண்பதைக் கடந்துவிட்டது. மேட்டூர் அணை எந்த ஆண்டில் சூன் 12க்குப் பிந்தித் திறந்தது என்று விரல்விட்டுச் சொன்னவர், இன்று ஒரே பொழுதில் பத்து முறை "ஆத்துல தண்ணி வந்துருச்சா?" என்று கேட்கிறார். மகனின் பெயர் மறந்துவிட்டது, செபமாலை மறக்கவில்லை.

அவருடைய இதயத்தின் பெருநாடி வால்வு மிகவும் சுருங்கியிருப்பதை மருத்துவர்கள் கண்டனர். மயக்கமும் மூச்சுத் திணறலும் தோன்றிய பின் வால்வை மாற்றாது விட்டால், இத்தகையோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் இரண்டு ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகின்றனர். மாற்றலாமா என்று வீட்டில் பேச்செழுந்தபோது உறவினர் ஒருவர், "அவருக்குத்தான் ஒன்றும் தெரியவில்லையே, எதற்கு இத்தனை செலவு?" என்றார். அந்தச் சொல் என்னை உறுத்தியது. நினைவு போனவரின் உயிர் மலிவானதா?

மார்பெலும்பைப் பிளந்து செய்யும் அறுவைக்குப்பின், முதியோரில் நான்கில் ஒருவருக்கேனும் சில நாள் சித்தக் குழப்பம் உண்டாகிறது. மறதிநோய் உள்ளவர்க்கு இந்த ஆபத்து மிகுதி; சிலருக்கு எஞ்சியிருந்த தெளிவும் திரும்புவதில்லை. 2002இல் பிரான்சு நாட்டில் முதன்முதலாகச் செய்யப்பட்ட, தொடை நாளத்தின் வழியே வால்வைப் பொருத்தும் முறை உடலுக்கு எளிது. ஆயினும் ஊசியும் குழாயும் அந்நிய முகங்களும் நிறைந்த மருத்துவமனை இரவு அங்கும் உண்டு.

நாம் வலியைத் தாங்குவது அதன் காரணம் தெரிவதால். "மூன்று மாதத்தில் தேறிவிடும்" என்பதை நினைவில் வைத்திருப்பவருக்கு வலிக்கு ஓர் எல்லை இருக்கிறது. இவரோ கண்விழிக்கும்போதெல்லாம் யாரோ தம்மைத் துன்புறுத்துவதாகவே உணர்வார், குழாயைப் பிடுங்குவார், கையைக் கட்டுவார்கள். நோயாளிக்கோ பிறருக்கோ பெரும்பாரமாகும் சிகிச்சையை ஏற்கக் கடமையில்லை என்று திருத்தந்தை 12ஆம் பயஸ் 1957இல் மருத்துவர்களிடம் கூறினார். அங்கே எடை போடப்படுவது சிகிச்சையின் பாரம், மனிதரின் மதிப்பன்று. ஆகவே மறதி என்ற ஒரே சொல்லால் எல்லாருக்கும் கதவடைப்பதும் தவறு. நோயின் தொடக்கத்தில் இருப்பவர், திணறலின்றி உறங்கவும் வரப்புவரை நடக்கவும் கூடுமாயின், அது பெரும் பேறே.

இம்முதியவருக்கு நோய் முற்றியிருந்தது. அறுவை வேண்டாமென வீட்டார் முடிவு செய்தனர். நீர் பிரிய மாத்திரை, தலைமாட்டில் உயரத் தலையணை, இரவில் முறைவைத்து ஒருவர் துணை. உறவினர் சொன்னதும் வேண்டாம் என்றுதான். இவர்கள் சொன்னதும் அதுவே. ஒன்றென்று என்னால் கருத இயலவில்லை.

மகனுக்கோ அந்த அமைதி இல்லை. "பணத்தையும் எண்ணிப் பார்த்தேனே" என்றார். குடும்பத்தின் மீது மிகுந்த செலவைச் சுமத்த விரும்பாமையும் நியாயமான காரணமே என்று 1980இல் திருச்சபை வெளியிட்ட அறிக்கையை எடுத்துச் சொன்னேன். "அப்பா விரும்பவில்லை என்றால் சரி. எண்ணியது நானல்லவா?" என்றார். எனக்கு மறுமொழி தோன்றவில்லை.