நாணும் கூச்சமும்: இளையோர் பாலுறவுப் பாதுகாப்பு குறித்த ஓர் அறவியல் நோக்கு

திருக்குறள் நாணத்திற்கு இரண்டு அதிகாரங்களை ஒதுக்குகிறது. பொருட்பாலில் நாணுடைமை, காமத்துப்பாலில் நாணுத்துறவுரைத்தல். முன்னதன் முதற்குறளே தகாத செயலுக்கு நாணுதலையும் மகளிர்க்கு இயல்பெனப்பட்ட நாணத்தையும் வெவ்வேறெனப் பிரித்துவிடுகிறது. இப்பாகுபாடு இன்றைய இளையோரின் ஒரு சிக்கலை விளங்கிக்கொள்ளத் துணைசெய்யும்.

மருந்துக்கடையில் ஆணுறை கேட்கத் தயங்கித் தலைவலி மாத்திரையுடன் திரும்பும் இளைஞன் அதன் பயனை அறியாதவன் அல்லன். 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் சென்னையில் கண்டறியப்பட்டதிலிருந்து அவ்வறிவு பரப்பப்பட்டே வந்துள்ளது. தொற்று என்றோ வரக்கூடியது. கடைக்காரரின் பார்வையோ இக்கணமே மேல் விழுவது. அண்மையிலுள்ள சிறுதுன்பம் சேய்மையிலுள்ள பெருங்கேட்டை மறைத்துவிடுகிறது.

துணையிடம் பேசுதல் இதனினும் கடிது. ஆண் பேசின் 'என்னை ஐயுறுகிறாயா?' என்னும் வினா எழும். பெண் பேசின் 'உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?' என்பர். எண்ணாமல் நேர்ந்த உறவு தடுமாற்றம் எனப் பொறுக்கப்பட, எண்ணிச் செய்த பாதுகாப்பு ஒழுக்கக்கேட்டின் சான்றாகிறது. அறநோக்கில் இது தலைகீழ் நிலையாகும்.

தம் பழிக்கே அன்றிப் பிறர் பழிக்கும் நாணுவோரையே நாணின் உறைவிடமாக அவ்வதிகாரம் சுட்டுகிறது. இவ்வளவுகோல் கொண்டு நோக்கின், துணைக்கு நோயோ விரும்பாக் கருவோ நேரக்கூடும் என்றறிந்தும் வாளாவிருத்தலே நாணத்தக்கது. கடைமுன் தோன்றுவது நாண் அன்று, தன் தோற்றம் பற்றிய கவலையே. இரண்டும் ஒருபோலத் தலைகவிழச் செய்வதால் மயக்கம் நேர்கிறது.

கூச்சம் நீங்கின் கட்டுப்பாடும் நீங்கும் என்பாரும் உளர். 2007இல் மாநிலங்கள் சில பள்ளிகளில் வளரிளம்பருவக் கல்வித் திட்டத்தை நிறுத்தியதன் பின்னணியில் இவ்வச்சம் இருந்தது. எனினும் கூச்சம் உறவைத் தடுப்பதில்லை. உறவுக்குச் சொல் வேண்டியதில்லை. பாதுகாப்புக்கே சொல் வேண்டும். ஆகவே கூச்சம் பாதுகாப்பை மட்டுமே தடுக்கிறது. 2008இல் பி.பி.சி. உலகச் சேவை அறக்கட்டளை 'காண்டம்' என்னும் சொல்லையே கைப்பேசி அழைப்பொலியாக்கியமை இதனை உணர்ந்த முயற்சி எனலாம். நகையால் சொல்லின் கூச்சம் தேயும் என்பது அதன் கருத்து.

எனவே பழியை இளைஞன்மீது மட்டும் சுமத்துதல் பொருந்தாது. கேட்ட பொருளை நாளிதழில் சுற்றிக் கருப்புப் பையில் இட்டுத் தரும் கடைக்காரர் பரிவுடன்தான் அவ்வாறு செய்கிறார். மாத்திரைகளை எவரும் அங்ஙனம் சுற்றித் தருவதில்லை என்பதையும் வாங்குவோன் கண்டுகொள்கிறான்.