முதலில் உங்கள் நெஞ்சில் கை வையுங்கள்

(வீட்டில் நோயாளிகளைப் பராமரிப்போருக்காக மயிலாப்பூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கே வந்திருக்கும் பலர் வீட்டைப் பூட்டிவிட்டு வரவில்லை. உள்ளே ஒருவர் படுத்திருக்கிறார். பக்கத்து ஃபிளாட் அம்மாவிடம் "ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளுங்கள், மாமி" என்று சொல்லிவிட்டு, செல்போனைக் கையில் இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த போனை அணைக்கச் சொல்ல மாட்டேன். அடித்தால் எழுந்து போங்கள். யாரும் தவறாக நினைக்கப் போவதில்லை.

பக்கவாதத்தில் விழுந்த மாமனாரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்; விட்டால் முதுகில் புண் வந்துவிடும். ரைல்ஸ் டியூபில் கஞ்சி விடும்போது தலைமாடு உயர்ந்திருக்க வேண்டும். யூரின் பேக் நிறைந்துவிட்டதா என்று நடு ராத்திரியில் எழுந்து பார்க்க வேண்டும். மறதி நோய் வந்த அம்மா, சொந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டே, "எப்போ நம்ம வீட்டுக்குப் போகலாம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்பாள். பொறுத்துப் பொறுத்து ஒரு கட்டத்தில் கத்திவிடுவீர்கள். பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவீர்கள், சத்தம் வெளியே கேட்கக் கூடாதே என்று.

இப்படி இருப்பவர்களிடம்தான் நம் மேடைகளில் சொல்கிறார்கள்: தொண்டு செய்கிறவர் தன்னை மறக்க வேண்டும் என்று. அதை மறுக்கவே இன்று பேசுகிறேன்.

சென்னையில் ராமகிருஷ்ண மடத்தை 1897-இல் தொடங்கிய சுவாமி ராமகிருஷ்ணானந்தரை மயிலாப்பூர்க்காரர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தொண்டைப் புற்றுநோயோடு காசிப்பூர் தோட்ட வீட்டில் படுத்திருந்த தம் குரு ராமகிருஷ்ணருக்கு, 1886 ஆகஸ்டில் குரு உடலை நீக்கும்வரை, தூக்கம் பாராமல் பணிவிடை செய்தவர் அவர். அந்தத் தொண்டைச் சொல்லி மருமகள்களை நாணச் செய்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். காசிப்பூரில் அவர் தனியாக இல்லை. ஏறக்குறைய பன்னிரண்டு இளைஞர்கள் முறை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். பத்தியச் சாப்பாட்டை அன்னை சாரதா தேவியார் சமைத்தார். வாடகையையும் செலவையும் இல்லறத்து அன்பர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு மகானைக் கவனிக்கவே இத்தனை பேர் சேர்ந்தார்கள். மாம்பலத்து ஃபிளாட்டில் ஒரே ஒரு பெண், சமையலும் செய்து, பிள்ளையின் பரீட்சைக்கும் பாடம் சொல்லிக் கொடுத்து, அத்தனையும் தனியாகச் செய்ய வேண்டும் என்று எந்தச் சாஸ்திரம் சொல்கிறது?

பெரிய புராணத்துக்கு வாருங்கள். நாம் எல்லோரும் அப்பரைப் பேசுகிறோம். அவருடைய அக்காவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

திலகவதியார் திருவாமூரில் பிறந்தவர். தந்தை புகழனார், தாய் மாதினியார் இருவரும் அடுத்தடுத்துப் போனார்கள். மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் மாண்டார். தாமும் உயிரை விடத் துணிந்தவரை, தம்பி மருணீக்கியார், பின்னாளில் அப்பரானவர், காலில் விழுந்து அழுது நிறுத்தினார். அவனுக்காக உயிரோடிருந்தார். அந்தத் தம்பியோ சமண சமயத்தை நாடிப் போய்விட்டார். அக்கா என்ன செய்தார்? திருவதிகை வீரட்டானத்துக்கு வந்து தங்கினார். விடியுமுன் எழுந்து கோயில் வாசலைப் பெருக்குவார், சாணமிட்டு மெழுகுவார், பூப்பறித்து மாலை கட்டுவார். நாள் தவறாமல் அதைச் செய்தார்.

தம்பிக்குச் சூலை நோய் வந்தது. குடலை முறுக்கும் வலி. சமையற்காரனை அனுப்பி அக்காவை அழைத்தார். அவர் சொன்ன பதிலை நம் வீட்டுப் பெண்கள் நினைவில் வைக்க வேண்டும்: நான் அங்கே வரமாட்டேன் என்றார். பாசம் வற்றியதால் சொல்லவில்லை. அவனுக்காகத்தான் அவர் அனுதினமும் இறைவனிடம் வேண்டிக்கொண்டிருந்தார். ஆனால் தன் நிலத்தை விட்டு நகர்ந்தால் கொடுப்பதற்குத் தன்னிடம் ஒன்றும் இராது என்று அவர் உணர்ந்திருந்ததாகவே நான் படிக்கிறேன். தம்பி இரவோடிரவாக வந்து காலில் விழுந்தார். அக்கா ஐந்தெழுத்தை ஓதித் திருநீற்றைக் கொடுத்தார். விடிவதற்கு முன் எப்போதும் போல அலகும் தோண்டியும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார், தம்பியையும் கூட்டிக்கொண்டு. நோய்வாய்ப்பட்ட தம்பி வந்த அன்றைக்குக்கூட அவருடைய விடியற்காலை அவருடையதாகவே இருந்தது.

அந்த விடியற்காலை உங்களுக்கு வேண்டும். அதைப் பெறுவதற்கான ஒரு வழியாகத்தான், உடம்பில் கை வைத்து அமர்ந்திருக்கும் ரெய்கி என்ற முறையை இன்று சொல்கிறேன்.

ஜப்பானில் மிகாவோ உசுயி என்பவர் கியோட்டோவுக்கு அருகே குராமா மலையில் 21 நாள் உண்ணாநோன்பும் தியானமும் இருந்து, 1922-இல் இம்முறையைக் கற்பிக்கத் தொடங்கினார். மறு வருடமே, 1923 செப்டம்பர் 1 அன்று, டோக்கியோவைப் பெரும் பூகம்பம் தாக்கியது. காயம்பட்டவர்களிடையே அவர் தொண்டு செய்தார் என்று 1927-இல் சீடர்கள் எழுப்பிய நினைவுக்கல் சொல்கிறது. ஆனால் எனக்கு உசுயியைவிட நெருக்கமானவர் ஹவாயோ டகாட்டா. ஹவாய்த் தீவுகளில் 1900-இல் பிறந்தவர். கணவர் 1930-இல் இறந்தார். கையில் இரண்டு பெண் குழந்தைகள். குடும்பத்தைத் தூக்கிச் சுமந்ததில் சில ஆண்டுகளிலேயே உடம்பு உடைந்துபோனது: வயிற்று வலி, மூச்சுத் திணறல், நரம்புத் தளர்ச்சி. 1935-இல் டோக்கியோ போனபோது, உசுயியின் சீடர் சுஜிரோ ஹயாஷி நடத்திய நிலையத்துக்கு வந்தார். அங்கே அவர் மேல் வைத்த கைகளின் சூட்டை நம்ப முடியாமல், ஏதோ மின்சாரக் கருவி இருக்கிறது என்று மேசைக்கு அடியிலும் அவர்கள் சட்டைக் கையிலும் தேடினாராம். அவரே பின்னாளில் சொன்ன கதை. உடம்பு தேறிய பிறகு கற்றுக்கொண்டு 1937-இல் ஹவாய் திரும்பினார். ரெய்கி ஜப்பானுக்கு வெளியே பரவியது பெரும்பாலும் அந்தக் களைத்துப்போன தாயின் வழியாகத்தான்.

தொட்டு அருளுவது நமக்குப் புதிதா? சைவத்தில் குரு கை வைத்து அருளும் தீட்சையைக் கோழி முட்டையை அடைகாப்பதோடு ஒப்பிட்டார்கள் பெரியவர்கள்.

இனி, செய்யும் விதம். நோயாளி அயர்ந்து தூங்கும் நேரம் ஒன்று இருக்கும், பெரும்பாலும் விடியற்காலை. பாத்திரம் தேய்க்காதீர்கள், வாட்ஸப்பைத் திறக்காதீர்கள். முதுகு சாயும்படி நாற்காலியில் உட்காருங்கள். கண்களை மூடி, இரண்டு உள்ளங்கையையும் கண்களின் மேல் மெல்ல வையுங்கள், அழுத்த வேண்டாம். மூன்று நான்கு நிமிடம் போதும். பிறகு பின்மண்டை. பிறகு தொண்டை, சொல்லாமல் விழுங்கிய சொற்கள் எல்லாம் அங்கேதான் நிற்கும், கை பட்டதும் சிலருக்குக் கண்ணீர் வரும், வரட்டும். பிறகு நெஞ்சு, வயிறு, அடிவயிறு. அரை மணியில் முடிந்துவிடும். ரெய்கி தீட்சை வாங்கியவர்கள் தங்கள் ஆசிரியர் சொன்ன முறைப்படி செய்யலாம். வாங்காதவர்கள் இஷ்ட தெய்வத்தை நினைத்துப் பிரார்த்தனையாகச் செய்யுங்கள். கற்பகாம்பாள் கணக்குப் பார்க்க மாட்டாள். இதே ஊர்க்காரரான வாயிலார் நாயனார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டி, அன்பையே அமுதாகப் படைத்து முக்தி பெற்றவர்.

அரை மணி கிடைக்காதவர்களும் இருக்கிறீர்கள். அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் இருக்கிறதே, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது, அங்கே ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு டோக்கனுக்காகக் காத்திருப்பவர்களை நினைத்துச் சொல்கிறேன். முந்தானைக்குள் ஒரு கையை நெஞ்சில் வையுங்கள். மூச்சு தானாக இறங்கும்வரை அப்படியே இருங்கள். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

உசுயி தம் மாணவர்களுக்கு ஐந்து உறுதிகளைக் கொடுத்தார்: கோபப்படாமல், கவலைப்படாமல், நன்றியோடு, தன் வேலையில் கருத்தாக, எல்லாரிடமும் அன்பாக இருப்பது. ஐந்துமே இன்றைக்கு மட்டும் என்ற கணக்கில்தான். பராமரிப்பவரை வீழ்த்துவது இன்றைய வேலையைவிட, இன்னும் எத்தனை வருஷம் என்ற கேள்விதான். அந்தக் கேள்வி வந்ததும் "ஐயோ, அவர் சாக வேண்டும் என்றா நினைக்கிறேன்" என்று குற்ற உணர்வு வந்து கழுத்தை நெரிக்கும். நீங்கள் பாவி இல்லை. களைத்தவருக்கு அந்த எண்ணம் வரும். நாளைய கோபத்துக்கும் நேற்றைய கோபத்துக்கும் இன்று பதில் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கு மட்டும் என்று தொடங்குங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ரெய்கியில் பாய்வதாகச் சொல்லும் சக்தியை இதுவரை எந்தக் கருவியும் அளந்ததில்லை. அது நோயைக் குணமாக்கும் என்று மருத்துவ உலகம் ஏற்கவில்லை. ஆகவே சர்க்கரை மாத்திரையையோ பிரஷர் மாத்திரையையோ ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள், உங்களுடையதையும் சரி, நோயாளியுடையதையும் சரி. புற்றுநோயைக் கை வைத்தே போக்குகிறேன் என்று சொல்லிப் பெரும் பணம் கேட்பவர் வாசலில் நிற்காமல் திரும்பி வாருங்கள். நான் உங்களுக்காகக் கேட்பது சிகிச்சை அன்று, ஓய்வு. கை வைத்து அமைதியாக அமர்ந்திருக்கும் நேரத்தில் உடம்பு இளைப்பாறுகிறது, அதற்கு எந்தச் சித்தாந்தச் சண்டையும் தேவையில்லை. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, காரணமின்றி அழுகை வருகிறது, உயிரை விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது என்றால் இந்த அரை மணி போதாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். திலகவதியாரின் உயிரைக் காக்க ஒரு தம்பியின் அழுகை தேவைப்பட்டது. உதவி கேட்பதில் வெட்கம் இல்லை.

கடைசியாக, பராமரிக்காத உறவுகளைப் பற்றி. அண்ணன் அமெரிக்காவில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில், "அம்மா ஏன் இப்படி இளைத்துவிட்டாள்?" என்று உங்களைக் கேட்கிறார். அண்ணா நகரில் இருக்கும் நாத்தனார் பழம் வாங்கிக்கொண்டு வந்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பத்து யோசனை சொல்லிவிட்டுப் போகிறார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, நீங்கள் கேட்டதில்லை. உங்கள் விடியற்காலை உங்களுக்குக் கிடைக்க வேண்டுமானால் ராத்திரிப் பொறுப்பை வேறொருவர் ஏற்க வேண்டும், இல்லையேல் ராத்திரி அட்டெண்டருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். இன்று வீட்டுக்குப் போனதும் அண்ணனுக்கு போன் செய்யுங்கள். பணமா, ஆளா, எது வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். "முடிந்தபோது வா, அண்ணா" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தத் தேதியில் வருகிறாய், எத்தனை நாள் இருப்பாய் என்று கேளுங்கள்.