கூச்சம் என்ற ஒரே சொல்

கல்யாண மண்டபத்தில் ஓரமாக உட்கார்ந்து, யார் பேர் கேட்டாலும் பதில் சொல்லாத 14 வயதுப் பையனுக்கு நம்மிடம் இருப்பது ஒரே சொல்: கூச்ச சுபாவம். மருத்துவத்திலும் இந்தப் பிரிப்பு ரொம்பப் பழையதில்லை. லியோ கானர் 11 குழந்தைகளை வைத்து ஆட்டிசம் பற்றி எழுதியது 1943-இல். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஆட்டிசமும் சமூக அச்சமும் தனித்தனியாக இடம்பிடித்தது 1980-இல்தான்.

திரை உறைந்து நின்றால் லாக் பார்க்காமல் காரணம் சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். இங்கே லாக் வீட்டில் இருக்கிறது. சமூக அச்சம் உள்ள பிள்ளை நெருங்கியவர்களிடம் பெரும்பாலும் வாயாடும். அடுத்தவர் முகம் சுளிப்பது அதற்குப் புரியும், தேவைக்கு அதிகமாகவே. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பாட்டியிடம் பேசும்போதும் அந்தக் குறிப்புகள் நழுவலாம். மிக்ஸி சத்தம், சட்டைக் காலரின் லேபிள், வழக்கமான பாதை மாறுவது எல்லாம் யாரும் பார்க்காதபோதும் படுத்தும். இதன் தடயங்கள் சின்ன வயதிலேயே இருந்திருக்கும். அச்சம் பெரும்பாலும் பதின்வயதை ஒட்டித் தலைகாட்டும். ("ஃபிரெண்ட்ஸ் வேணும்னு ஆசைப்படறானே, அப்ப ஆட்டிசம் இல்ல" என்பது தப்பான சோதனை. அந்த ஆசை ஆட்டிசம் உள்ள பலருக்கும் உண்டு.)

பெயர் எதுவானால் என்ன, உதவி கிடைத்தால் போதாதா? எனக்கு உறுத்துவது இங்கேதான். அச்சத்துக்கான சிகிச்சையில் முக்கியமானது, பயப்படுகிற இடத்துக்குப் படிப்படியாகப் போகப் பழக்குவது. அதன் அடியில் ஒரு வாக்குறுதி இருக்கிறது: "நீ நினைக்கிற மாதிரி ஒண்ணும் ஆகாது, போய்ப் பாரு." அச்சம் மட்டுமே உள்ளவனுக்கு இது பெரும்பாலும் உண்மை. மேளச் சத்தம் நிஜமாகவே காதில் வலிக்கிறவனிடம் சொன்னால் பொய். பத்து முறை போனாலும் வலிக்கும். வலியை முகத்தில் காட்டாமலிருக்க மட்டும் கற்றுக்கொள்வான். நாம் "பரவாயில்லையே, தேறிட்டான்" என்போம். மாறாக, பயந்த பிள்ளையை "அவன் அப்படித்தான்" என்று ஒதுங்க விட்டால், ஒவ்வொரு ஒதுங்கலும் பயத்துக்குத் தீனி.

இரண்டும் ஒருவனிடமே இருப்பதும் சகஜம். ஏழாம் வகுப்பிலிருந்து கேலிக்கு ஆளானவன் பத்தாம் வகுப்பில் வாய் திறக்கப் பயந்தால், அவன் கணிப்பில் என்ன தப்பு? அந்தப் பயத்தை அவன் கணக்கில் எழுதுமுன் வகுப்பறையையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

டாக்டரிடம் கேட்கிறோம், டீச்சரிடம் கேட்கிறோம். பையனிடமும் கேட்கலாம்: "அங்க எது கஷ்டமா இருக்கு, சத்தமா, ஆளுங்களா?" பதில் வர நேரமாகலாம். சிலருக்கு எழுதுவது சுலபம். வாட்ஸப்பில் கேட்டாலும் சரி.