வாங்கும் வலிமையும் தாங்கும் வலிமையும்

வீடு என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் உண்டு. மனிதன் தங்கி வாழும் மனை ஒன்று; பற்று நீங்கிய விடுதலை மற்றொன்று. விடு என்னும் வேரிலிருந்து பிறந்தது இச்சொல் என்பர். வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் அச்சத்திலிருந்தும் மனிதனை விடுவிப்பதே வீடு. அத்தகைய வீட்டைப் பெறுவதற்காக ஒருவன் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கடனுக்கு ஈடு வைப்பானாயின், அவன் பெற்றது வீடா, தளையா? ஒரு வீட்டுக்காக எவ்வளவு கொடுக்கலாம் என்னும் வினா கணக்கு வினா போலத் தோன்றும். உண்மையில் அஃது அறவினாவே ஆகும்.

இவ்வினாவை ஆராய்வதற்கு ஜொகூர் நீரிணையின் தென்கரையிலுள்ள சிங்கப்பூரினும் தக்க இடம் அரிது. ஏறத்தாழ 730 சதுர கிலோமீட்டர் பரப்பில் அறுபது இலட்சம் மக்கள் வாழும் தீவு அது. கடலைத் தூர்த்து நிலத்தைப் பெருக்கியும் தேவைக்கு ஈடாகவில்லை. 1960-ஆம் ஆண்டில் அங்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. 1961-இல் புக்கிட் ஹோ சுவீ குடியிருப்பு எரிந்து பல்லாயிரவர் வீடிழந்தபோது, அரசு வீடு கட்டுவதன் இன்றியமையாமை யாவர்க்கும் விளங்கிற்று. 1964-இல் அவ்வீடுகளை மக்களே சொந்தமாக வாங்கும் திட்டம் வந்தது. 1968 முதல் மத்திய சேம நிதியிலிருந்து தவணை கட்டவும் வழி பிறந்தது. இன்று அந்நாட்டுக் குடிமக்கள், நிரந்தரவாசிகள் ஆகியோரில் நான்கில் மூன்று பங்கினருக்கு மேற்பட்டோர் கழக வீடுகளிலேயே வாழ்கின்றனர். அருமையான சாதனை இது என்பதில் ஐயமில்லை.

அங்கு ஒரு குடும்பம் எத்தகைய வீட்டை வாங்க இயலும் என்பதை அறிய ஒரு கணக்கு உண்டு. கணவனும் மனைவியுமாக மாதம் 8,000 வெள்ளி ஈட்டுவதாகக் கொள்வோம். கழக வீட்டுக்குரிய மாதத் தவணை வருவாயில் 30 விழுக்காட்டை மிஞ்சலாகாது என்பது விதி. ஆகவே 2,400 வெள்ளி வரை தவணை கட்டலாம். ஆண்டு வட்டி 2.6 விழுக்காடு, காலம் 25 ஆண்டுகள் எனின், ஏறத்தாழ 529,000 வெள்ளி கடன் பெறலாம். திருப்பிச் செலுத்தும் மொத்தத் தொகையோ 720,000 வெள்ளி. வட்டி மட்டும் 191,000 வெள்ளி.

இக்கணக்கில் பிழையில்லை, ஆனால் நிறைவும் இல்லை. கணக்கு வருவாயை அறியும். வருவாய் நிற்கும் நாளை அறியாது. இருபத்தைந்து ஆண்டுகளில் வேலை போகலாம், நோய் வரலாம், முதிய பெற்றோர் தளர்ந்து வீடு வரலாம். சேம நிதியிலிருந்து செல்லும் தவணை வலிக்காது எனினும், அது முதுமைக்கென ஒதுக்கிய சோறன்றோ? மேலும் கழக வீடு 99 ஆண்டுக் குத்தகைக்கு உரியது. காலம் முடிந்தால் அரசுக்கே திரும்பும். கடன் கொடுப்பவர் வகுக்கும் எல்லை, கொடுத்த பணம் திரும்பி வருவதற்குரிய எல்லை. கடன் வாங்குவோன் நல்வாழ்வு வாழ்வதற்குரிய எல்லையும் அதுவே என எண்ணுதல் தவறு. வாங்கும் வலிமை வேறு. தாங்கும் வலிமை வேறு.

இவ்வேறுபாட்டை ஜொகூர் மக்கள் மற்றொரு வகையில் அறிவர். 1924-இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே மிஞ்சும். 1973 வரை இரு நாட்டு நாணயங்களும் ஒன்றுக்கொன்று சமமாக மாற்றப்பட்டன. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டை ஒட்டிய மதிப்புடையது. எனவே தீவில் உழைத்து, ஜொகூர் பாருவில் வீடு வாங்குதல் அறிவுடைமையாகத் தோன்றுகிறது. விடியுமுன் எழுந்து மோட்டார் சைக்கிளிலும் பேருந்திலும் பாலம் கடப்போர் எண்ணற்றோர். போகவும் வரவும் நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் செல்லுமாயின், மாதத்தில் 22 வேலை நாள்களுக்கு 88 மணி நேரம் ஆகும். ஆண்டுக்கு 1,056 மணி நேரம். அதாவது இரவும் பகலுமாக 44 நாள்கள். இருபத்தைந்து ஆண்டுத் தவணை தீரும்போது மூன்று ஆண்டுகள் பாலத்திலேயே கழிந்திருக்கும். தந்தை உறங்கும் பிள்ளையை மட்டுமே கண்ட அந்த நாள்களுக்கு எந்த வங்கி வட்டி கணக்கிடும்?

இவர்களைப் பேராசையினர் எனப் பழித்தல் தகாது. தோட்டப்புறத்தில் வீடு வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. வேலை போனால் வீடும் போகும். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் அத்துயரைக் கண்டே, 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, தொழிலாளர் தம் சிறு தொகைகளைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்க வழி செய்தார். பிறர் கூரையின் கீழ் அஞ்சி வாழ்ந்த தலைமுறையின் மக்கள், தமக்கென ஒரு கூரை வேண்டித் தம் ஆற்றலுக்கு மேல் முயல்வது இயல்பே.

எனினும் அண்டை வீட்டானையும் எண்ண வேண்டும். ஒரு வீட்டின் விலை குடும்பத்தின் ஆண்டு வருவாயைப் போல் மும்மடங்கை மிஞ்சலாகாது என்னும் அளவுகோலைக் கசானா ஆய்வுக் கழகம் 2015-இல் எடுத்துரைத்தது. வெளிநாட்டுச் சம்பளம் விலையை உயர்த்தும் ஊரில், உள்ளூரிலேயே ரிங்கிட்டில் ஊதியம் பெறும் செவிலியும் கடை உதவியாளரும் அவ்வளவுக்குள் வீடு காண்பது எங்ஙனம்? 2014-இல் ஜொகூர் அரசு, வெளிநாட்டார் வாங்கும் வீட்டுக்குப் பொதுவாகப் பத்து இலட்சம் ரிங்கிட் எனக் கீழெல்லை வகுத்தது. வெளிநாட்டாரைச் சட்டம் தடுக்கலாம். சொந்த நாட்டான் கையிலுள்ள வெளிநாட்டு ஊதியத்தை எப்படித் தடுக்கும்? தடுத்தல் நீதியும் அன்று. ஆகவே எளியோர்க்குரிய வீடுகளைப் போதிய அளவில் எழுப்புதலே அரசின் கடமையாகிறது.

வரவறிந்து அளவோடு வாழும் அறிவுரையை வள்ளுவர் இல்லறவியலில் மட்டும் வைக்கவில்லை. பொருட்பாலின் அரசியலில், வலியறிதல் அதிகாரத்திலும் வைத்தார். அளவறிதல் இல்லத்தான் கடமை மட்டுமன்று, நாடாள்வோர் கடமையும் ஆகும் என்பதற்கு இவ்வைப்புமுறை நல்ல சான்று. ஏழையை நோக்கி அளவோடு வாழ் என்பவர், அவன் அளவுக்குள் ஒரு வீட்டையும் காட்டுதல் வேண்டும்.

பள்ளியில் விழுக்காடும் வட்டியும் கற்பிக்கும்போது விடை கண்டவுடன் பாடம் முடிந்ததெனக் கொள்கிறோம். அவ்விடையின் கீழ் இன்னும் இரண்டு வினாக்களை மாணவர் எழுதிப் பழகுதல் நலம். தவணை போக அக்குடும்பத்துக்கு எஞ்சும் பணம் எவ்வளவு? உழைப்பும் பயணமும் போக எஞ்சும் நேரம் எவ்வளவு? இவ்விரண்டும் எஞ்சிய இல்லமே வீடு என்னும் பெயருக்கு முழுதும் உரியது.