சொல்லியாச்சு

பாயான் லெப்பாஸிலிருந்து ஒரு விமானம் கிளம்புவதற்கு முன் விமானியிடம் ஒரு கற்றை அறிவிப்புகள் வந்து சேரும். ‘நோட்டாம்’ என்பார்கள். எந்த ஓடுபாதை மூடியிருக்கிறது, எந்த விளக்கு எரியவில்லை, எங்கே கிரேன் நிற்கிறது, எந்த வான்பகுதிக்குள் போகக்கூடாது என்றெல்லாம் அதில் இருக்கும். கப்பல்காரர்களுக்கு விடப்படும் எச்சரிக்கையின் வழிவந்தது இது. நடையும் தந்தி காலத்தது: முழுக்கச் சுருக்கக் குறியீடுகள்.

ஆபத்தை அறிவித்துவிட்டால் கடமை முடிந்துவிடுமா என்பதுதான் என் கேள்வி. மலேசியாவில் உட்கார்ந்துகொண்டு எம்எச்17-ஐத் தள்ளிவைத்துவிட்டு இதைக் கேட்க முடியாது.

2014 ஜூலை 14 அன்று கிழக்கு உக்ரைனில் ஓர் இராணுவச் சரக்கு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அது ஏறக்குறைய 6,500 மீட்டரில் பறந்ததாக அதிகாரிகளே சொன்னார்கள். தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைக்கு எட்டாத உயரம் அது. அதே நாளில் 32,000 அடிக்குக் கீழே பறக்கத் தடை என்று உக்ரைன் நோட்டாம் விட்டது. ஏன் என்று அதில் இல்லை. மூன்று நாள் கழித்து எம்எச்17 அவ்வழியே 33,000 அடியில் போனது. விதிப்படி எந்தப் பிசகும் இல்லை. 298 பேர் செத்தார்கள்.

ஏவுகணை விட்டவர்களின் குற்றம் தனி. அதை இந்தத் தாளின் தலையில் கட்டவில்லை. ஆனால் ‘கீழே தடை’ என்பதைப் படிப்பவர் மனசில் அது ‘மேலே பத்திரம்’ என்றுதான் பதியும். காரணத்தையும் எழுதியிருந்தால், ஆறாயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு எட்டுகிற ஆயுதம் இன்னும் மேலே எட்டாதா என்று யாராவது யோசித்திருக்கலாம். காரணம் இல்லாமல் வருவது கட்டளை. அதற்குக் கீழ்ப்படியலாம், யோசிக்க முடியாது.

‘அப்படின்னா எல்லாத்தையும் சொல்லிடணுமா?’ அதுவும் உதவாது. 2017 ஜூலை 7 இரவு, சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏர் கனடா விமானம் ஒன்று, நான்கு விமானங்கள் வரிசையாக நின்ற இணைப்புப் பாதையை ஓடுபாதை என்று நினைத்து இறங்கப் பார்த்தது. தரைக்குச் சுமார் 60 அடி வரை வந்து, தப்பி மேலேறியது. பக்கத்து ஓடுபாதை மூடியிருந்த செய்தி 27 பக்கக் கட்டில் 8ஆம் பக்கத்தில் இருந்தது. விசாரித்த அமெரிக்க வாரியத்தின் தலைவர் நோட்டாம்களைக் குப்பை என்றே சொன்னார்.

எங்கள் பிளாட்டில் தண்ணீர் நிற்கப்போகிற நோட்டீஸை லிஃப்டுக்குள் பழைய நோட்டீஸ்கள் மேலேயே ஒட்டுவார்கள். கேட்டால், ‘ஒட்டியாச்சே, பாக்கலயா?’ கீழ்வீட்டு அக்கா சொல்வார்: “அவங்க ஒட்டுறது நமக்காக இல்லடா, நாளைக்கு யாரும் கேட்டா காட்டுறதுக்கு.” இதைவிடத் துல்லியமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

விமான நிறுவனங்களுக்குப் பொறுப்பில்லையா? உண்டு. போர் நடப்பது செய்தியிலேயே வந்தது. ஆனால் அன்றைக்கு மட்டும் 160 விமானங்கள் அந்த வான்பகுதியைக் கடந்திருந்தன; ஒருவர் போவதைப் பார்த்து இன்னொருவர் போனார். நிலத்தில் என்ன ஆயுதம் நடமாடுகிறது என்று அறிய அந்த நாட்டுக்கு இருந்த வழி விமானிக்கு இல்லை. அதனால் பாரத்தில் பெரும்பங்கை அறிவிப்பவர் தோளில்தான் வைப்பேன். வான்வெளியை முழுசாக மூட உக்ரைனுக்குப் போதிய காரணம் இருந்தது என்று 2015இல் டச்சுப் பாதுகாப்பு வாரியமும் சொன்னது.

மூடினார்கள்தான். எம்எச்17 விழுந்த அதே நாளில் புது நோட்டாம் வந்தது: 32,000 அடியிலிருந்து மேலே, உயர வரம்பின்றி.