வேணும்னே செய்யலைங்க

வீட்டில் கண்ணாடி டம்ளர் உடைந்தால் பிள்ளையிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: “வேணும்னே போட்டியா?” இல்லை என்று தெரிந்துவிட்டால் பாதிக் கோபம் இறங்கிவிடும். வளர்ந்து ஆளான பிறகும் இந்த ஒற்றைக் கேள்வியை வைத்தே காலத்தை ஓட்டுகிறோம். “வேணும்னே செய்யலைங்க” என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது என்று நினைக்கிறோம்.

அங்கே முடிவதில்லை என்று காட்டியவர் ஆக்ஸ்போர்டில் தத்துவம் கற்பித்த ஜே. எல். ஆஸ்டின். 1960-இல் அவர் இறந்த பிறகு, 1966-இல் வெளியான ‘மை சிந்த மூன்று வழிகள்’ என்ற கட்டுரையில், ஆங்கிலேயர்கள் அன்றாடம் ஒன்றுபோலப் புழங்கும் மூன்று சொற்களைப் பிரித்துப் பார்க்கிறார்: ‘இன்டென்ஷனலி’ (எண்ணத்தோடு), ‘டெலிபரேட்லி’ (தெரிந்து முடிவெடுத்து), ‘ஆன் பர்ப்பஸ்’ (ஒரு பயனுக்காக). அவர் தரும் உதாரணம் ஒன்று இந்தியாவில் நடக்கிறது. கலவரத்தை அடக்க அவசரமாகப் புறப்படுகிறார் ஓர் அதிகாரி. வாகனம் போகும் வழியில் ஒரு குழந்தையின் பொம்மை வண்டி கிடக்கிறது. இறங்கி நகர்த்தி வைக்கலாம். அது அவருக்குத் தெரிகிறது. நேரமில்லை என்று அதன்மேல் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார். வண்டியை நொறுக்குவது அவர் நோக்கமா? இல்லை. அதனால் அவருக்கு ஏதாவது லாபமா? அதுவும் இல்லை. ஆனால் கைதவறி நடந்ததும் அல்ல. பார்த்தார், முடிவெடுத்தார், ஏற்றினார். அது ‘டெலிபரேட்லி’ செய்தது.

நாம் பிறருக்குச் செய்யும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்தப் பொம்மை வண்டி வகைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. யாரையும் நோகடிக்க வேண்டும் என்று திட்டம் போட்டுக் கிளம்புகிறவர் குறைவு. நம் காரியம் நடக்கிற வேகத்தில், நோகும் என்று தெரிந்தும் போய்க்கொண்டே இருப்பவர்கள்தான் அதிகம்.

சட்டம் இதை எப்போதோ பிடித்துவிட்டது. மெக்காலே தலைமையில் 1837-இல் வரைவு தயாராகி, 1860-இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, ‘வாலன்டரிலி’ என்ற சொல்லுக்குப் பொருள் சொல்கிறது. கொள்ளையடிக்க வசதியாக, ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு ஒருவன் இரவில் தீ வைக்கிறான். அதில் ஓர் உயிர் போகிறது. கொல்லும் எண்ணம் அவனுக்கு இல்லாமல் இருக்கலாம். செத்ததற்காக அவன் வருந்தவும் செய்யலாம். ஆனாலும், இப்படி ஆகக்கூடும் என்று அறிந்திருந்தால் அந்தச் சாவு அவன் ‘வாலன்டரிலி’ விளைவித்ததே. 2024 ஜூலையில் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்த பிறகும் இந்த உதாரணம் மாறவில்லை.

எங்கள் தெருவில் மாசித் திருவிழாவுக்குக் குழாய் ஒலிபெருக்கி கட்டுவார்கள். ஒரு முறை ஒரு குழாயின் வாய், பிளஸ் டூ படிக்கும் பெண்ணின் ஜன்னலுக்கு நேராக அமைந்துவிட்டது. அவள் அப்பா போய்க் கேட்டார். “உங்க பொண்ணு படிப்பைக் கெடுக்கணும்னா கட்டுறோம்? அம்மன் காரியம்ணே” என்றார் விழாக் குழுக்காரர். திரும்பி வந்தவர் வீட்டில் சொன்னது: “வேணும்னே நம்ம பக்கம் திருப்பி வச்சிருக்கானுங்க.” குழாயை யாரும் குறிவைத்துத் திருப்பவில்லை, கம்பம் அங்கேதான் இருந்தது. அதே சமயம், மார்ச் மாதம் பரீட்சை என்பது அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாத ரகசியமும் அல்ல. இருவருமே எண்ணத்தைப் பற்றித்தான் சண்டை போட்டார்கள். தெரியுமா என்ற கேள்வியை யாரும் எடுக்கவில்லை.

அந்த அப்பாவின் கோபமும் தனி மனிதக் கோளாறு அல்ல. அமெரிக்கத் தத்துவ ஆய்வாளர் ஜோஷுவா நோப், 2003-இல் வெளியிட்ட ஆய்வுக்காக மன்ஹாட்டன் பூங்கா ஒன்றில் இருந்தவர்களிடம் ஒரு கதை சொன்னார். ஒரு கம்பெனித் தலைவர் லாபத்துக்காக ஒரு திட்டத்தைத் தொடங்குகிறார். அது சுற்றுச்சூழலைக் கெடுக்கும் என்று தெரியும், அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. ‘இன்டென்ஷனலி’ கெடுத்தார் என்றார்கள் 82 சதவீதம் பேர். வேறு சிலரிடம் அதே கதையில் ‘கெடுக்கும்’ என்பதை ‘காக்கும்’ என்று மட்டும் மாற்றினார். ‘இன்டென்ஷனலி’ காத்தார் என்றவர்கள் வெறும் 23 சதவீதம். கேடு வந்தால் எண்ணத்தையும் சேர்த்துக் கட்டிவிடுகிறோம். நன்மை வந்தால் தற்செயல் என்று தள்ளிவிடுகிறோம்.

ஆக, நாம் செய்தால் ‘எண்ணம் இல்லை’ என்று ஒதுங்கிக்கொள்கிறோம்; நமக்குச் செய்தால் இல்லாத எண்ணத்தையும் கண்டுபிடிக்கிறோம். இரண்டுக்கும் நடுவே ‘தெரிந்தே’ என்று ஒரு பெரிய வெளி இருக்கிறது. நம் வாழ்க்கையின் பெரும்பகுதி நடப்பது அங்கேதான். அதில் நின்று பேசினால் எதிராளியை வில்லனாக்க வேண்டியதில்லை; நாமும் உத்தமர் வேஷம் போட வேண்டியதில்லை. “கெடுக்கணும்னு நினைக்கலை, ஆனா கெடும்னு தெரிஞ்சுதான் இருந்தது” என்று குழுக்காரர் சொல்லியிருந்தால், அடுத்த வார்த்தை குழாயைத் திருப்புவதைப் பற்றியதாகத்தான் இருந்திருக்கும்.