குறியும் நெறியும்

மழை விடாமல் தூறிக்கொண்டிருக்கிறது. ஈரம் ஊறிய புல்தரையில் தார்ப்பாய்களை விரித்து, வரிசையாகக் குப்புறப் படுத்திருக்கின்றனர் சிலர். அவர்களுள் தந்தையும் மகளும் உண்டு. பணி ஓய்வுபெற்ற முதியவரும் உண்டு. ஒவ்வொருவர் கையிலும் ஒரு ரைஃபிள் துப்பாக்கி. 25 மீட்டர் தொலைவில், மரச்சட்டங்களில் அறையப்பட்ட காகித இலக்குகள் நனைந்து தொங்குகின்றன. மூக்குக் கண்ணாடியில் நீர்த்துளிகள், கழுத்து வழியே முதுகில் இறங்கும் குளிர்நீர், விறைத்துப்போன விரல்கள். ஆயினும் எவரும் எழுந்து போகவில்லை.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 'புராஜெக்ட் ஆப்பிள்சீட்' என்னும் பெயரில் வார இறுதியில் இரு நாள் நடைபெறும் துப்பாக்கி சுடும் பயிற்சி முகாம்களில், மழை பெய்யும் நாளில் காணத்தக்க காட்சி இது. 1775ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் மாசசூசெட்ஸ் பகுதியில் லெக்சிங்டன், கன்கார்டு என்னும் ஊர்களில் குடியேற்ற மக்களுக்கும் பிரித்தானியப் படைக்கும் மூண்ட மோதலின் வரலாற்றை இடையிடையே எடுத்துரைத்து, குறி பார்த்துச் சுடும் கலையைத் தொண்டர்கள் அங்கே கற்பிக்கிறார்கள். இறுதியில் தேர்வும் உண்டு. 40 தோட்டாக்கள், 250 மதிப்பெண்கள், 210 பெற்றவர் தேர்ந்த சுடுநராக ஏற்கப்பட்டுச் சட்டையில் தைத்துக்கொள்ள ஒரு துணிச்சின்னம் பெறுகிறார்.

நமக்கும் துப்பாக்கிக்கும் என்ன உறவு என்று வாசகர் வினவலாம். உறவு துப்பாக்கியோடு அன்று, குறியோடு. குறி தவறாமல் எய்யக் கற்றுக்கொண்டவன் அதனாலேயே நல்லவனாகிவிட்டானா என்னும் கேள்வி, துப்பாக்கியைத் தொட்டுமறியாத நம் வாழ்விலும் நாள்தோறும் எழும் கேள்வியாகும்.

முதலில் அந்தப் பயிற்சிக்கு உரிய மதிப்பைத் தந்துவிடுவது நேர்மை. அங்கே கற்பிக்கப்படுபவை வெறும் கைத்திறன்கள் அல்ல. சுடுமுன் கண்ணை மூடி, தசைகளைத் தளரவிட்டு, மூச்சை வெளியிட்டு, பின்பு கண் திறக்கச் சொல்கிறார்கள். குழலின் நுனியிலுள்ள குறிமுள் இலக்கைவிட்டு விலகியிருந்தால், அதைக் கைவலியால் இழுத்துத் திருத்தக் கூடாது. படுத்திருக்கும் உடலையே சற்று நகர்த்த வேண்டும். வலிந்து பிடித்த குறி அடுத்த கணமே பழைய இடத்திற்குத் திரும்பிவிடும். உடல் இயல்பாக எங்கே சாய்கிறதோ அங்கேதான் தோட்டாவும் செல்லும். நற்பண்பு என்பது எப்போதாவது முயன்று செய்யும் நற்செயல் அன்று, நம்மில் நிலைபெற்ற சாய்வு என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்ததை இதைவிட எளிதாக விளக்க இயலுமோ?

இன்னொரு பயிற்சியும் உண்டு. பயில்பவர் அறியாதவாறு அவருடைய துப்பாக்கியில் வேறொருவர் சில வேளை மெய்யான தோட்டாவையும், சில வேளை போலித் தோட்டாவையும் இடுவார். போலித் தோட்டாவில் விசை அழுந்தியும் வெடி எழுவதில்லை. ஆனால் வெடிக்கும் என்று அஞ்சிய உடல் தானாகவே துள்ளிவிடும். 'நான் அசையவே இல்லை' என்று அதுவரை சாதித்தவர் தம் நடுக்கத்தைத் தாமே கண்டு நாணுவார். அதுபோலவே, வெடித்த கணத்தில் குறிமுள் எங்கே நின்றது என்பதைக் கவனித்து, இலக்கைப் பார்க்குமுன்பே 'இடப்புறம், சற்றுக் கீழே' என்று தம் தவற்றைத் தாமே அறிவிக்கவும் பழக்குகிறார்கள். மழையின்மேல் பழிபோட இடமில்லை. அன்றாட ஆன்ம சோதனைக்கு இது நல்ல பாடமன்றோ?

இவ்வளவு நல்ல பாடங்களுக்கிடையே, முகாமின் முதல் நாளிலேயே வெளிப்படும் ஓர் உண்மை நம்மை நிறுத்திச் சிந்திக்க வைக்கிறது. இலக்குத் தாளில் துளைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால் குறை சுடுபவரிடம் இருக்கிறது என்பது வெளிப்படை. ஆனால் சிலருடைய தாளில் எல்லாத் துளைகளும் ஒரே கொத்தாக, ஒரு நாணயத்தால் மூடிவிடும் அளவுக்கு நெருங்கியிருக்கும். அந்தக் கொத்தோ இலக்கின் மையத்திலிருந்து ஒரு சாண் தள்ளியிருக்கும். கை நடுங்கவில்லை, மூச்சு பிசகவில்லை, அச்சமில்லை. எனினும் ஒரு தோட்டாகூட உரிய இடத்தில் படவில்லை. இங்கே குறை குறிகாட்டும் கருவியில் இருக்கிறது. படுத்த இடத்திலிருந்தபடி எவ்வளவு கவனமாகச் சுட்டாலும் இந்தத் தவற்றை உணர முடியாது. எழுந்துசென்று தாளைப் பார்த்தால்தான் தெரியும்.

மனச்சான்றைப் பற்றி நாம் பேசும்போது பெரும்பாலும் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறோம். 'என் மனச்சான்றுக்கு விரோதமாக நான் எதுவும் செய்ததில்லை' என்று சொல்பவர், தம் துளைகள் ஒரே கொத்தாக இருப்பதையே சான்றாகக் காட்டுகிறார். உறுதி வேறு, உண்மை வேறு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டின் 16ஆம் எண்ணில் இதைத் தெளிவாக உணர்த்துகிறது. வெல்ல முடியாத அறியாமையால் மனச்சான்று தவறுவதுண்டு. அதனால் அது தன் மாண்பை இழப்பதில்லை. ஆனால் உண்மையையும் நன்மையையும் தேடுவதில் அக்கறையற்றவருக்கும், பாவப் பழக்கத்தால் மனச்சான்று மெல்ல மெல்லக் குருடாகிவிட்டவருக்கும் இந்தச் சலுகை இல்லை. எழுந்துசென்று பார்க்க மறுப்பவர், தாம் அறியவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் பாவத்தைக் குறிக்க மிகுதியாக வழங்கும் சொல் 'ஹமார்தியா'. குறி தவறுதல் என்பது அதன் பழம்பொருள். எறிந்த ஈட்டி ஆளைத் தவறியதைச் சொல்லவும் பண்டைக் கிரேக்கர் இச்சொல்லின் வினைவடிவத்தை ஆண்டனர். எபிரேய மொழியிலும் நிலைமை இதுவே. மறையுரைகளில் நாம் பலமுறை கேட்ட விளக்கம் இது. ஆயினும் இவ்விளக்கத்தோடு நின்றுவிட்டால், பாவம் என்பது திறமைக் குறைவு என்றும், பழகினால் சரியாகிவிடும் என்றும் எண்ணிவிடுவோம்.

அந்த எண்ணத்தை விவிலியமே திருத்துகிறது. நீதித்தலைவர்கள் நூலின் 20ஆம் அதிகாரத்தில், இடக்கைப் பழக்கமுள்ள 700 வீரர்களைப் பற்றிய செய்தி வருகிறது. கவண்கல்லை ஒரு தலைமயிரையும் தவறாமல் எறிய வல்லவர்களாம் அவர்கள். 'தவறாமல்' என்பதற்கு அங்கே ஆளப்பட்டிருக்கும் எபிரேய வினை, மற்ற இடங்களில் பாவம் செய்வதைக் குறிக்கும் அதே வினை. அவ்வளவு தேர்ந்த கைகள் எந்தப் பக்கம் நின்றன? கிபயா ஊரில் லேவியர் ஒருவரின் துணைவியை இரவெல்லாம் சீரழித்துச் சாகவிட்ட கயவரை ஒப்படைக்க மறுத்த பென்யமின் குலத்தின் பக்கம். குலப்பற்றுக்காக அவர்கள் திறமை முழுவதும் கொலைஞரைக் காக்கப் பயன்பட்டது. முடிவில் அக்குலத்தின் ஆடவரில் 600 பேர் மட்டுமே ரிம்மோன் பாறையில் தஞ்சம் புகுந்து எஞ்சினர். மயிரளவும் குறி தவறாதவர்கள் நெறி தவறியதன் விளைவு அது.

கிரேக்க ஞானி அரிஸ்டாட்டிலும் இந்த வேறுபாட்டைக் கண்டார். தம் அறநூலின் தொடக்கத்தில், வாழ்வின் நோக்கத்தை அறிந்தவன் குறியை முன்னால் கண்ட வில்லாளியைப் போன்றவன் என்கிறார். அதே நூலின் ஆறாம் பகுதியில், கலையில் வேண்டுமென்றே தவறுபவன் தெரியாமல் தவறுபவனைவிட மேலானவன் என்றும், விவேகத்திலும் நற்பண்பிலும் நிலைமை இதற்கு நேர்மாறானது என்றும் சொல்கிறார். வல்லவன் வேண்டுமென்றே தவறவிட்டால் அவன் வல்லமை குறைவதில்லை; நல்லவன் வேண்டுமென்றே தீமை செய்தால் அவன் நன்மை அழிகிறது. நம் வள்ளுவரோ படைச்செருக்கு அதிகாரத்தில், காட்டு முயலை வீழ்த்திய கணையைவிட யானைமேல் எறிந்து தப்பிப்போன வேலே ஏந்தத்தக்கது என்கிறார். அவர் பேசுவது வீரத்தைப் பற்றியே. எனினும் எதைக் குறிவைத்தோம் என்பது, பட்டதா இல்லையா என்பதைவிடப் பெரிது என்னும் கருத்து அதனுள் அடங்கியிருக்கிறது.

இதற்குக் குருதியால் உரை எழுதியவர் ஒருவர் நம் காலத்திற்கு அண்மையில் வாழ்ந்தார். ஆஸ்திரிய நாட்டின் சாங்க்ட் ராடெகுண்ட் ஊரில் உழவராகவும் ஆலயப் பணியாளராகவும் இருந்த அருளாளர் பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர் 1940ஆம் ஆண்டு இட்லரின் படைக்கு அழைக்கப்பட்டார், பயிற்சியும் பெற்றார். பின்பு வீடு திரும்பிய அவர் செபத்திலும் விவிலியத்திலும் தோய்ந்து, அந்தப் போரில் ஆயுதம் ஏந்துவது பாவம் என்னும் முடிவுக்கு வந்தார். 1943இல் மீண்டும் அழைப்பு வந்தபோது மறுத்துவிட்டார்; மருத்துவத் தொண்டராகப் பணிபுரிய மட்டும் இசைந்தார். மனைவியும் மூன்று பெண்மக்களும் இருந்தனர். குடும்பத்தை எண்ணிப் பார்க்குமாறு ஆயரும் அறிவுறுத்தினார். அவரைச் சுற்றியிருந்த நல்ல கத்தோலிக்கர் பலருடைய துளைகள் ஒரே கொத்தாகத்தான் இருந்தன: கடமை, கீழ்ப்படிதல், நாட்டுப்பற்று. அவர் ஒருவரே எழுந்துசென்று தாளைப் பார்த்தார் எனலாம். 1943 ஆகஸ்ட் 9ஆம் நாள் அவர் தலை துண்டிக்கப்பட்டது. 2007 அக்டோபர் 26ஆம் நாள் லின்ஸ் நகரில் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டபோது, 94 வயதான அவர் மனைவி பிரான்சிஸ்கா அங்கே இருந்தார்.

அப்படியாயின் ஆயுதம் ஏந்துவோர் அனைவரும் பாவிகளா? அல்லர். அதே வத்திக்கான் ஏடு 79ஆம் எண்ணில், நாட்டின் பாதுகாப்புக்காகப் படையில் பணிபுரிவோர் அப்பணியை நேர்மையோடு ஆற்றினால் அமைதிக்கே உதவுகின்றனர் என்று கூறுகிறது. மனச்சான்றின் பொருட்டு ஆயுதம் ஏந்த மறுப்பவர்களைச் சட்டம் மனிதத்தன்மையோடு நடத்த வேண்டும் என்றும் கேட்கிறது. இருவருக்கும் இடம் தரும் திருச்சபை, இருவரிடமும் ஒன்றையே எதிர்பார்க்கிறது: தாம் எதைக் குறிவைக்கிறோம் என்று அறிந்திருத்தல். மழையில் நனையும் அந்த முகாமின் தொடக்க இலக்கில், பிரித்தானியப் படைவீரனின் சிவப்புச் சட்டை உருவம் சிறிதும் பெரிதுமாக அச்சிடப்பட்டிருக்கிறது. அது வெறும் காகிதம். சுடுபவர் மனத்தில் பகையில்லை. ஆயினும் 1775இன் அந்த ஒரு நாளில் குடியேற்ற மக்கள் தரப்பில் 49 பேரும் பிரித்தானியர் தரப்பில் 73 பேரும் மாண்டார்கள். காகிதத்திற்குப் பின்னால் ஒரு தாயின் மகன் இருந்தான் என்பதை நினைவில் வைத்துச் சுடுபவரும், மறந்து சுடுபவரும் ஒரே மதிப்பெண் பெறக்கூடும். அந்த வேறுபாட்டை அளக்கும் தேர்வு எந்த முகாமிலும் இல்லை.

நம் இல்லங்களிலும் இல்லை. பிள்ளைகளுக்கு மதிப்பெண் என்னும் குறியைக் காட்டி வளர்க்கிறோம். ஒரு மதிப்பெண் குறைந்தால் காரணம் கேட்கிறோம்; கற்ற கல்வி யாருக்குப் பயன்படும் என்று கேட்பதில்லை. வணிகத்தில், பதவியில், பங்கின் பொறுப்புகளிலுங்கூட எண்ணியதை எய்தியவரைப் பாராட்டுகிறோம். எண்ணியது தக்கதுதானா என்று ஆராய்வதில்லை. ஒப்புரவு அருட்சாதனத்திற்குச் செல்லும்போதும் தவறிய குறிகளையே பட்டியலிடுகிறோம்: செபம் விட்டது, சினம் கொண்டது, பொய் சொன்னது. சொல்ல வேண்டியவையே அவை. ஆனால் தவறாமல் அடித்த குறிகளுள் எத்தனை அடித்திருக்கவே கூடாதவை? சொத்து வழக்கில் உடன்பிறந்தானை வென்றது, குறைந்த கூலிக்கு இசையவைத்தது, தக்க சொல்லால் ஒருவரை அவையில் தலைகுனிய வைத்தது, இவற்றை நாம் வெற்றிகளின் கணக்கில் எழுதிவைத்திருக்கிறோம். அங்கே நம் கை நடுங்கவில்லை. ஆகவே மனமும் உறுத்தவில்லை.

மீண்டும் அந்த மழைக்குள் செல்வோம். ஒரு சுற்று முடிந்து, சுடுவதை நிறுத்தும் ஆணை ஒலிக்கிறது. உடனே எவரும் இலக்கை நோக்கி ஓடிவிட முடியாது. துப்பாக்கிகளிலிருந்து தோட்டாக்களை அகற்றி அவற்றைத் தரையில் வைத்து எல்லாரும் விலகி நிற்க வேண்டும். ஒவ்வொன்றும் வெறுமையாக இருப்பதைப் பார்த்து உறுதி செய்த பின்னரே முன்னே செல்ல இசைவு கிடைக்கும். கையில் ஆயுதம் இருக்கும்வரை எவரும் தம் தாளை அருகில் சென்று பார்க்க இயலாது.

நம் வாழ்விலும் அப்படித்தான். வாதத்தையும் வீம்பையும் வெற்றிப் பெருமிதத்தையும் கீழே வைக்காதவரை, நாம் எதைக் குறிவைத்து இத்தனை காலம் சுட்டுவந்தோம் என்பது நமக்குத் தெரியப்போவதில்லை. வாரத்தில் ஒரு நாளேனும், ஞாயிறு திருப்பலியின் தொடக்கத்தில் நம் பாவங்களை ஏற்றுக்கொள்ள அழைக்கப்படும் அந்தச் சிறு மௌனத்திலேனும், கைகளை வெறுமையாக்கிக்கொண்டு நாம் நடந்துசென்று அதைப் பார்ப்போமாக.